இரும்புக்கையும் சிவப்பு அடையாள அட்டையும்

மதிப்பிற்குரிய பள்ளி நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நான் நூலகத்துக்குக் கொடுத்த காமிக்ஸ் பெட்டி, "சண்டைப் புத்தகம், பிள்ளைகளுக்கு ஆகாது" என்ற சொல்லோடு என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது. கோபமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மேலே இருப்பவர் இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவரை வைத்துத்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். இரும்புக்கை மட்டும் தெரியும். என் அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதோடு சரி. அப்புறம் தோட்டத் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் கத்தி பிடித்த அந்தக் கை மட்டும்தான் கண்ணில் பட்டது. பத்து வயதில் அந்தப் படத்தைப் பார்த்து ஏன் அழுதேன் என்று எனக்கே வெகுநாள் புரியவில்லை.

அடுத்தது சூப்பர்மேன். 1938-இல் அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன், பிறந்த பெயரை மறைத்துக் கிளார்க் கென்ட் என்று நடமாடுகிறான். நமக்கு இது புதிதா? நம் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டிமார்களிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், எது வருகிறதென்று!

எக்ஸ்-மென்தான் கனமான கட்டு. ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் 1963-இல் தொடங்கியது. பிறவியிலேயே வேறுபட்டவர்களைக் கண்டு ஊர் பயப்படுகிறது; பின்னால் வந்த கதைகளில் அவர்களைப் பதிவு செய்யச் சட்டமே வருகிறது. என் பாட்டி இந்த மண்ணில் பிறந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு கண்ணை மூடியவர். அந்தப் பக்கங்களை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உவமை முழுசாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். கண்பார்வையால் சுவரைப் பிளக்கிறவனைப் பார்த்துப் பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பாட்டியிடம் இருந்தது வெற்றிலைப் பெட்டி. போதாததற்கு, ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்று தொடங்கியதில் எக்ஸ்-மென் பள்ளியின் முதல் ஐந்து மாணவர்களும் வெள்ளையர்கள். கென்யத் தாய்க்குப் பிறந்த ஸ்டார்ம் என்ற நாயகி வர 1975 ஆகிவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்கட்டும், சண்டை போடட்டும். வகுப்பில் அப்படி ஒரு சண்டை நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

சூப்பர்மேன் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டிருக்கிறான் என்ற புகாரும் காதில் விழுந்தது. அதற்கு என்னிடம் பதிலில்லை.

கிழிந்த அட்டைகளை ஒட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை பெட்டியோடு மறுபடி வருகிறேன். உங்களில் ஒருவராவது ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதே பள்ளியின் பழைய மாணவன்