மாமியை டெல்லிப் போர் நினைவகத்துக்குக் கூட்டிப்போகும் முன்

கருங்கல்
ஞாயிறு

மக்களே,

குலசேகரத்து மாமிக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. திருக்குறள் எக்ஸ்பிரஸ். நாகர்கோவிலில் ஏறினால் நிஜாமுதீனுக்கு இரண்டு ராத்திரிப் பயணம். கீழ் பெர்த்தான். துணைக்கு அவர்கள் தங்கச்சி மகன் வருகிறான். டெல்லியில் இறங்கியதும் மாமி உன் பொறுப்பு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றைக்கு, 1971 போரில் இறந்த மாமாவின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். மாமி கேட்டது இவ்வளவுதான். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிப்பா' என்பாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள். கொடி போர்த்திய பெட்டியில் உடலை ஊருக்கே கொண்டுவந்து சேர்ப்பது 1999 கார்கிலுக்குப் பிறகுதான் வழக்கமானது. 1971-ல் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள், அல்லது அடக்கம் செய்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவது தந்தி. பிறகு சில வாரம் கழித்து அவருடைய சாமான்கள் வைத்த இரும்புப் பெட்டி. ஆகவே மாமாவுக்குக் கல்லறை கிடையாது. நவம்பர் 2 அன்று நம்ம பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஆளாளுக்கு அவரவர் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தும்போது, மாமி நடுவில் நிற்கிற பெரிய குருசின் அடியில் ஒன்றைக் கொளுத்திவிட்டுத் திரும்புவார்கள். ஐம்பது வருஷமாக அப்படித்தான். டெல்லியில் இருக்கிற அந்தக் கல்தான் மாமிக்குக் கல்லறை. நீ அவர்களைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகவில்லை.

இடத்தைக் குழப்பிக்கொள்ளாதே. இந்தியா கேட்டில் பொறித்திருப்பது முதல் உலகப்போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள். 1971 ஆட்கள் அங்கே இல்லை. நாம் போக வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கிற தேசியப் போர் நினைவகம், 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தியா கேட் வளைவுக்கு அடியில் தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, மேலே ஹெல்மெட், பக்கத்தில் தீபம். 1972 குடியரசு தினத்திலிருந்து நாமெல்லாம் படத்தில் பார்த்துவந்த அமர் ஜவான் ஜோதி. மாமி அதைத்தான் தேடுவார்கள். 2022 ஜனவரி 21-ல் அந்தத் தீபத்தைப் புதிய நினைவகத்துத் தீபத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் மே மாசம் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் பரமவீர் சக்ரா பெற்றவர்களின் சிலைகள் இருக்கிற பரம் யோதா ஸ்தலத்துக்குப் போய்விட்டன. வளைவுக்கு அடியில் வெறும் இடத்தைப் பார்த்து மாமிக்கு வெப்ராளம் வந்துவிடக் கூடாது. வண்டியில் போகும்போதே சொல்லிவிடு.

நினைவகம் நான்கு வட்டமாக இருக்கும். வெளியே மரங்கள் நிற்கிற ரக்ஷக் சக்ரா. அதற்கு உள்ளே த்யாக் சக்ரா. அப்புறம் வீர்தா சக்ரா. நடுவில் ஸ்தூபியும் தீபமும் உள்ள அமர் சக்ரா. பெயர்கள் த்யாக் சக்ராவில். சக்கர வியூகம் மாதிரி வளைந்து நிற்கிற 16 சுவர்கள், ஆளுக்கு ஒரு கருங்கல் பலகை, 25,000 பேருக்கு மேல். வெறுங்கண்ணால் தேடினால் மாமியின் முட்டி தாங்காது. முதல் நாள் நீ தனியாகப் போய்க் கல்லைக் கண்டுபிடித்து, எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை, கீழிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள். தலைக்கு மேலே இருந்தால் தொட எட்டாது, அதையும் பார். வாசலில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று அன்றைக்கே கேட்டுவிடு. மாமி வேண்டாம் என்பார்கள், நீ கேட்டு வை.

வீர்தா சக்ராவில் ஆறு சண்டைகளைக் காட்டும் வெண்கலச் சிற்பங்கள் உண்டு: கங்காசாகர், லோங்கேவாலா, தித்வால், ரெசாங்லா, மேக்தூத், டிரைடன்ட். மாமா இறந்த பசந்தர் ஆற்றுச் சண்டை அதில் இல்லை. 'எங்கள் ஆள் சண்டை எங்கே' என்று மாமி கேட்டால் தடுமாறாதே. மாமாவின் மெட்ராஸ் ரெஜிமென்ட் 16-வது பட்டாலியனுக்குப் 'பசந்தர் ரிவர்' என்ற போர்க் கௌரவமே உண்டு என்று சொல். அது பழைய திருவிதாங்கூர் படையிலிருந்து வந்த பட்டாலியன், நம்ம மாவட்டத்து ஆட்களுக்கு அதனால்தான் அதில் ஒரு ஒட்டு. பாகிஸ்தானில் ஷக்கர்கர் பக்கம் அந்த ஆற்றைத் தாண்டிக் காலாட்படை முதலில் இடம் பிடிக்க வேண்டும், கண்ணிவெடிகளை எடுத்து வழி செய்ய வேண்டும், அப்புறம்தான் டாங்குகள் வரமுடியும். பேப்பரில் டாங்குச் சண்டை என்று மட்டும் எழுதுவார்கள். முதலில் நடந்துபோனவர்கள் தம்பிகள், மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்குப் படையில் அதுதான் பெயர். அந்தப் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத பிரகாஷ் காய் அந்தச் சண்டையிலேயே இறந்தார், மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரையும் தேடிக் காட்டு, மாமிக்குத் தெரிந்த பெயர்.

இனி முக்கியமானது, பெயரின் எழுத்து. கல்லில் இருப்பது ஆள் சேர்த்த அன்றைக்குக் கிளார்க் ஆங்கிலத்தில் எழுதிய பெயர். வீட்டில் தங்கப்பன் என்றால் ரெக்கார்டில் 'த'வுக்கு டி மட்டும் இருக்கும், அல்லது டி-எச் இருக்கும், 'ங்க' என்பது என்-கே ஆகவும் இருக்கும், என்-ஜி ஆகவும் இருக்கும். அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், சிலருக்கு முழுசாக இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. மாமா பிறந்தபோது இது திருவிதாங்கூர், பள்ளிச் சான்றிதழ் மலையாளத்தில் இருந்தவர்களும் உண்டு, அங்கே ஒரு திருப்பம். ஆகவே நினைவகத்து இணையதளத்திலோ அங்கே உள்ள திரையிலோ தேடும்போது முழுப்பெயரை அடிக்காதே. முதல் நான்கு எழுத்து மட்டும் போடு, வருகிறதில் பட்டாலியனையும் ரேங்கையும் பார். ஒரே பட்டாலியனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தீர்த்துவைப்பது ஆர்மி நம்பர்தான். அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் நம்பர், அப்புறம் ரேங்க், அப்புறம் பெயர், கடைசியில் பட்டாலியன். அந்த வரிசையில் சொன்னால் எதிரில் இருக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

எழுத்து தப்பாக இருந்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். போட்டோ எடுத்துக்கொள். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு, பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நகல் வைத்து, நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக நான் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வைக்கிற பிளெக்ஸில் வேறு யாரோ போட்டோவும் தப்பான பட்டாலியனும் போட்டுவிட்டு ஜெய்ஹிந்த் என்கிறார்களே, அதைவிட இந்தக் கல்லில் ஒரு எழுத்து தவறுவது சின்னது. ஆனால் திருத்தத்தான் வேண்டும்.

தேதியிலும் ஒரு கோளாறு வரும். ராணுவத்தில் ராத்திரிக்கு இரண்டு தேதி எழுதுவோம், 15/16 டிசம்பர் என்று. நள்ளிரவுக்கு முன்னா பின்னா என்று சொல்ல முடியாதபோது அப்படியே நிற்கும். பிறகு ஏதோ ஒரு தாளில் யாரோ 16 என்று மட்டும் எழுதிவிடுவார்கள், தந்தியின் தேதி வேறாக இருக்கும். மாமி 15-ஆம் தேதி பூசைக்குக் கொடுப்பார்கள். நீ எந்தத் தாளில் எதைப் பார்த்தாலும் அதைப் போய் மாமியிடம் திருத்தாதே.

மாலையில் தீபத்துக்கு முன்னால், இறந்தவரின் குடும்பத்தார் ஒருவரை வைத்து மலர்வளையம் வைக்கிற வழக்கம் அங்கே தினமும் உண்டு. அன்றைக்கு மாமிக்குக் கிடைக்குமா என்று இப்போதே எழுதிக் கேள். மாமாவின் நம்பர், ரேங்க், பெயர், பட்டாலியன், மாமியின் ஆதார், பிபிஓ நகல் எல்லாம் ஒரே கவரில் வை. கிடைக்காவிட்டால் ஒரு முழம் பூ போதும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி கையில் வேண்டாம், வாசலில் சோதனை உண்டு, அங்கே மல்லுக்கட்டி நின்றால் மாமிக்குச் சங்கடம். மெழுகுவர்த்தியைக் கோல் டாக் கானா பக்கத்துத் திரு இருதயப் பேராலயத்தில் கொளுத்தலாம். காலைப் பூசைக்குக் கூட்டிப்போ, பிறகு சாப்பாடு, பிறகு நினைவகம்.

மாமாவின் பதக்கங்கள் மூன்றையும் மாமி கொண்டுவருகிறார்கள்: ரக்ஷா, சங்கிராம், பஸ்சிமி ஸ்டார். வலது நெஞ்சில் குத்து. இடது பக்கம் பதக்கம் வாங்கியவருக்கு மட்டும் உரியது. நூல் சேலையில் நேரே குத்தினால் கனத்தில் துணி தொங்கிக் கிழியும், உள்ளே ஒரு கெட்டித் துணித் துண்டு வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்து. பளபளக்க வேண்டும் என்று பிராஸோ, புளி, திருநீறு எதுவும் போடாதே. வட்டப் பதக்கங்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும், ஸ்டாருக்குப் பின்புறம். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த எழுத்து கொஞ்சம் போகும். ஸ்டார் கறுத்திருப்பது அழுக்கு இல்லை, வெண்கலத்தின் நிறம் அப்படி. காய்ந்த மல்துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் டெல்லி கன்டோன்மென்டில் கோபிநாத் பஜாரில் புது ரிப்பன் கிடைக்கும். பழையதைக் காகித உறையில் மடித்து மாமியிடமே கொடு. புதுப் பதக்கமே விற்பார்கள், வாங்காதே. அதன் விளிம்பில் யார் பெயரும் இருக்காது.

தந்தியையும் கடிதங்களையும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கேயே படம் எடுத்து அனுப்புகிறேன். யாரோ அவற்றை லேமினேட் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள், நல்லவேளை செய்யவில்லை. அந்தச் சூட்டில் பழைய மை மங்கும், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. கிழிசலில் செல்லோடேப்பும் கூடாது, பத்து வருஷத்தில் பழுப்புப் பட்டையாகிவிடும்.

கல்லைப் படம் எடுக்கும்போது நேர் எதிரே நிற்காதே, உன் உருவமும் வானமும்தான் விழும். பக்கவாட்டில் சாய்ந்து எடு. மாமி நிற்கும்போது எடுக்க வேண்டாம். அந்தப் படம் யாருக்கும் தேவையில்லை.

இன்னொரு வேலை. நவம்பர் மாசம், மாமியின் உயிர்வாழ் சான்றும் இருக்கிறது. உன் போனில் ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டிச் செய்துவிடு. கைரேகை வேண்டாம். ரப்பர் பாலும் ஆசிடும் பட்டுப் பட்டு மாமியின் விரல் எந்த மெஷினிலும் விழுவதில்லை. பென்ஷன் தருகிற இடத்தில் பழைய வங்கியைப் போடாமல் ஸ்பர்ஷ் என்று, அதாவது ராணுவப் பென்ஷனுக்கான இணைய முறையை, தேர்ந்தெடு. அங்கே தப்பினால் சான்று போன மாதிரி காட்டும், பென்ஷன் நிற்கும்.

ஸ்வெட்டர் ஒன்றும் முகக்கவசமும் வாங்கி வை, அந்த மாசத்து டெல்லிப் புகை மாமிக்கு ஆகாது. மாமாவின் ஆர்மி நம்பரை உனக்கு நான் தனியாக அனுப்பவில்லை, மாமியிடமே கேள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு இன்லாண்டு கவரிலும் நம்பர், பெயர், கேர் ஆஃப் 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் முகவரி எழுதிய கை. தாளைப் பார்க்காமல் சொல்வார்கள்.

அன்புடன்,
அப்பா