கிணற்றில் விழுந்த ஸ்பேனர்

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புக் கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பெரியாச்சி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எது விழுந்தாலும் மறுநாளே கோட்டையூர் வரைக்கும் போய்விடும். அதனால்தான் "சரி, பார்க்கலாம்" என்று போனை வைத்துவிட்டேன்.

"வித்துருங்க ஆத்தா, அப்பச்சி ஞாபகம்னு ஒரு காரை வச்சுக்கிட்டு இந்த வயசுல எதுக்கு எண்ணெயும் கரியுமா நிக்கிறீங்க" என்றாய். நம் பழைய இங்கிலாந்து எம்.ஜி. காருக்கு விலை கேட்டு வந்தவர் நல்ல மனிதர்தான். பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார். காரை முகப்பில் நிறுத்தி மாலை போட்டு வைத்தால் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம். ஓடுமா ஓடாதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

உன்னைப் பெற்ற அப்பச்சி போய் ஒரு வருஷம் நான் கார் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. டூவீலர் பட்டறைத் தம்பி புது பேட்டரி கொண்டுவந்து, எல்லா வண்டிக்கும் மாட்டுவதுபோல நெகட்டிவ்வை பாடிக்குக் கொடுத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் அதுதான் வழக்கம். நான் சும்மா விளக்கு சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. இன்ஜின் ஓடவில்லை, விளக்கு எரிகிறது, ஆனால் பேட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறதாம்! முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவளுக்கு அது போதாதா? "தம்பி, செல்ஃப் அடிக்காதே, முதலில் கழற்று" என்றேன். டைனமோ பிழைத்தது.

மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினோம். டிக் டிக் டிக் என்று பெட்ரோல் பம்ப் அடிக்க ஆரம்பித்தது. சின்னப் பிள்ளையில் நீ அதைப் பல்லி என்பாய், பல்லி நல்ல வாக்கு சொல்லிவிட்டது, கிளம்பலாம் என்பார் அப்பச்சி. இரண்டு கார்புரேட்டர் கிண்ணமும் நிறைந்ததும் அது தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மூடவே இல்லை. பானட்டைத் திறந்தால் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற பெட்ரோலைப் பார்த்துவிட்டு, யாராவது வந்து சரிசெய்யட்டும் என்று உள்ளே போய்ப் படுக்க என்னால் முடியவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

கசிவுக்குக் காரணம் ஒரு கார்க். எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டரில் ஜெட் என்று சன்னமான பித்தளைக் குழாய் உண்டு. சோக் இழுத்தால் அது கீழே இறங்கும். அதைச் சுற்றி அடைப்பதற்குச் சின்னக் கார்க் வளையங்கள் இருக்கும். மருந்து பாட்டிலை மூடுகிற அதே கார்க்தான். நனைந்திருக்கும்வரை உப்பி அடைத்துக்கொள்ளும், வண்டி சும்மா நின்றால் காய்ந்து சுருங்கிவிடும். போதாததற்கு, இப்போது பங்கில் ஊற்றுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே தின்கிறது, காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. குழாய் அத்தனையும் மாற்றினேன். கார்க்குக்குத்தான் இங்கே வழியில்லை. அது கடைசியில் சொல்கிறேன்.

கழற்றப் போனபோதுதான் ஸ்பேனர் சண்டை. பட்டறைத் தம்பியின் 13 நட்டுக்குள் போகவில்லை. 14 போகிறது, ஆனால் வழுக்கி முனையைத் தின்றுவிடும். அங்குல ஸ்பேனர் என்று காரைக்குடியிலிருந்து ஒரு செட் வாங்கிவந்தான், அதிலும் சேரவில்லை. காரணம் விசித்திரமானது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்து பட்டறை போட்டது. 1923-ல் கார் முதலாளி மோரிஸ் அதை வாங்கிவிட்டார். மெஷின்கள் பிரெஞ்சு அளவில் மறை வெட்டுபவை. இங்கிலாந்து மெக்கானிக்குகள் கையில் இருந்ததோ விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவு ஸ்பேனர். அதனால் மறையை மில்லிமீட்டரிலும் தலையை விட்வொர்த் அளவிலும் செய்தார்கள். அந்தப் பழக்கம் வழிவழியாக வந்து நம் 1951 எம்.ஜி. டி.டி.யின் 1250 சி.சி. இன்ஜினிலும் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் மறை இடைவெளி 1 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது 1.25. இதையெல்லாம் பெரியாச்சியிடம் விளக்கப் போய், மறை கழன்றது காருக்கா எனக்கா என்று அவர் யோசிக்கிற நிலைமை ஆகிவிட்டது.

விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் நட்டின் தலையை அளந்து எழுதியதில்லை, போல்ட்டின் தடிமனைச் சொல்வது. கால் அங்குல விட்வொர்த் என்றால் வாய் 13.34 மில்லிமீட்டர். ஐயா மலாயாவிலிருந்து காரோடு கொண்டுவந்த செட்டில் அந்த ஒன்று மட்டும்தான் இல்லை. ஏன் இல்லை என்று உனக்கே தெரியும். ஏழு வயதில் நீதான் அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாய். ஆழம் பார்த்தேன் என்றாய். அப்பச்சி உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு 13 ஸ்பேனரை அரத்தால் ராவி ராவி அந்த 0.34 மில்லிமீட்டரை எடுத்தார். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் ஓட்டினார். நானும் அதை வைத்துத்தான் கழற்றினேன்.

இந்தச் சித்திரையில் கிணறு தூர் வாரினோம். இரண்டு செம்பு, ஒரு கை இல்லாத பிளாஸ்டிக் பொம்மை, யாருடையது என்று தெரியாத கொலுசு, இவற்றோடு சேற்றுக் கட்டி ஒன்றும் மேலே வந்தது. உடைத்துப் பார்த்தால் ஸ்பேனர். இருபத்தெட்டு வருஷம்!

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு எழுத்தும் போய்விடும் என்று பாடப் புத்தக வழியில் இறங்கினேன். பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் கறுப்புக் கிளிப் ஸ்பேனருக்கு, சிவப்பு ஒரு பழைய ஜன்னல் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஸ்பேனரைச் சுற்றி நுரைநுரையாகக் கிளம்பும், அது ஹைட்ரஜன். அதனால் அடுப்படியில் வைக்காமல் வெளி முற்றத்தில் வைத்தேன். பட்டறைத் தம்பி கம்பிக்குப் பதில் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்தான், கையைத் தட்டிவிட்டேன். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது, தண்ணீர் விஷமாகிவிடும். காலையில் போட்டது, சாயங்காலம் எடுத்து நார் போட்டுத் தேய்த்தபோது துரு கறுப்புக் குழம்பாகக் கழன்று வந்தது. உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. ஆனால் எண் தெரிகிறது. வாயும் தேயவில்லை. நட்டில் வைத்தேன், ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது.

அப்புறம் வால்வு. இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அப்பச்சி எப்போதும் வால்வு இடைவெளி பன்னிரண்டு என்பார், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அவர் கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. இன்ஜின் மேல் மூடியில் ஒரு சின்னத் தகடு உண்டு. எப்போதோ பச்சைப் பெயின்ட் அடித்தபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். தின்னர் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். சூடாக இருக்கும்போது .019 என்று எழுதியிருக்கிறது. கையேடு பிந்தி வந்த வண்டிக்கானது. அதில் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டை மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷமும் தப்பாகவே வைத்திருந்தோம்.

எட்டு வால்வுக்கும் பத்தொன்பது வைத்தேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, உனக்குக் கணக்கென்றால் காய்ச்சல் வரும், இருந்தாலும் கேள். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்திருந்தால் இரண்டு. எப்போது கூட்டினாலும் ஒன்பது. நாலு சிலிண்டரின் ஏற்பாடு அப்படி. இதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு, அவ்வளவு சந்தோஷம். சூட்டோடு செய்ய வேண்டியதால் இரண்டு விரலில் கொப்புளம். சத்தமும் முன்னைவிட அதிகம். இடைவெளி கூடினால் கடகட என்றுதான் கேட்கும். "உங்க அப்பச்சி வச்சிருந்தப்ப இப்படிக் கத்தலையே" என்று பெரியாச்சி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நான் இந்த வண்டிக்கு டார்ச் பிடித்தவள். "கொஞ்சம் இடது பக்கம், ம், அப்படியே பிடி" என்பார், கை கடுக்கும். ஒரு தடவை ஸ்பேனரைக் கேட்டேன், "நகத்துல கிரீஸ் ஏறிடும்" என்று சொல்லிவிட்டார். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் டார்ச்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் ஞாபகத்துக்குப் பட்டாலையில் அவர் படம் இருக்கிறது, சாய்வு நாற்காலி இருக்கிறது, வளவு முழுக்க அவர் குரல் இருக்கிறது. காரை அதற்காக வைத்திருக்கவில்லை, கண்ணு. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

இடது கதவுத் தூணைக் கரையான் தின்றதை உன்னிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாய் என்று. இந்த வண்டிக்கு மேலே தகடு, உள்ளே எலும்பெல்லாம் மரம். ஆஷ் என்று ஒரு மரம், கிரிக்கெட் ஸ்டம்பு செய்வார்களே, அது. பள்ளத்தூரில் அதற்கு எங்கே போவது? ஆசாரியைக் கூட்டிக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவும் தூணும் அங்கே அடுக்கிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். யார் வீட்டு நிலையோ, ஒரு பர்மாத் தேக்குச் சட்டம் கிடைத்தது. ஆஷ் போல வளையாது, கனமும் கூட. ஆனால் இந்தத் தூணில் வளைவு அதிகமில்லை. "கரையான் இதைத் தொடட்டும், அப்புறம் பேசலாம் ஆச்சி" என்றார் ஆசாரி. அப்பச்சியாக இருந்தால் ஆஷ் மரம் வரும்வரை நாலு வருஷம் காத்திருப்பார். நான் காத்திருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நானே எடுத்துக்கொண்டு கானாடுகாத்தான் வரை போய் வந்தேன். கதவின் கீல் பின்பக்கம் இருப்பதால் புடவையோடு ஏறுவதற்கு மற்றக் காரைவிட இது சௌகரியம், தெரியுமா? வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதை மனதில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வழியில் ஒரு மயில், இரண்டு பால்காரர்கள். பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அண்ணன் வந்துட்டாகளோன்னு பார்த்தேன்" என்றார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஹாரன் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, காரியம். நீ மார்கழியில் வரும்போது ஸ்வெட்டர், சாக்லேட் எதுவும் வேண்டாம். எஸ்.யூ. ஜெட்டுக்கான கார்க் வளையம், இரண்டு கார்புரேட்டருக்கும் சேர்த்து இரண்டு செட்டாக வாங்கிவா. மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறப்போட வேண்டும், அதனால் வந்த அன்றைக்கே கொடுத்துவிடு. எட்டு மில்லிமீட்டர் நட்டு இருபது, மறை இடைவெளி 1. கடைக்காரர் 1.25 எடுத்துக் கொடுப்பார், வாங்கிவிடாதே. ஆக்ஸ்போர்டிலிருந்து ஆபிங்டன் உனக்குப் பக்கம்தான், இந்த வண்டி பிறந்த ஊர். தொழிற்சாலையை 1980-லேயே மூடிவிட்டார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் எனக்காக அந்தத் தெருவை ஒரு படம் எடு.

ஸ்பேனர் வேண்டாம். இருக்கிறது.

அன்புடன்,
ஆத்தா

பி.கு. ஹோட்டல்காரரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் ஹோட்டல் வாசலில் பூச்சட்டி வைத்து ஒரு பழைய அம்பாசடரை நிறுத்தியிருக்கிறார். பூச்சட்டியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், ஓட வைத்துத் தருகிறேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.