"சாப்பாட்டுக்குப் பின்"னு எழுதாதீங்க, "சாப்பாட்டோட"ன்னு எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கணைய ஆபரேஷன் பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்கன்னு என் மக கொண்டாந்து காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, எத்தன மணி நேரம் ஆபரேஷன், எத்தன டாக்டரு, என்னென்ன மெஷினு, கடைசில பேஷன்ட் பூச்செண்டு வாங்கிட்டு சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு போற போட்டோ. அதோட முடிச்சிட்டீங்க. எனக்கு கஷ்டமே அந்த போட்டோவுக்கு அப்பறம்தான் ஆரம்பிச்சுது, ஆபரேஷனுக்கு அப்பறம் குடுத்த ஒரு கேப்சூல எப்ப முழுங்கணும்னு யாரும் சரியா சொல்லாததால, அதான் இத எழுதுறேன், நீளமா போனா வெட்டிக்கோங்க.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாண சமையல் மாஸ்டர். 31 வருஷமா கரண்டி புடிக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை முகூர்த்தம் எல்லாம் முடிஞ்ச நேரம், கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் டீ டிகாஷன் கணக்கா போகுது, வெளிக்கி போனா சுண்ணாம்பு மாதிரி வெளுத்து போகுது, ராத்திரி பூரா அரிப்பு, தேங்கா நார வச்சு தேச்சுக்கலாமான்னு இருக்கும். வலி மட்டும் துளி இல்ல. மஞ்சக்காமாலைன்னா நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம், கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிச்சேன், பத்தியம் இருந்தேன், மூணு வாரம் போச்சு. ஈரல் கெட்டாத்தான் மஞ்சள் வரும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், பித்தம் வர்ற குழாய வெளிய இருந்து ஒண்ணு அடைச்சாலும் மஞ்சள் வரும்னு யாரு கண்டா. ஸ்கேன் எடுத்தப்பதான் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேந்து குடல்ல தெறக்குற வாய்ல கட்டின்னு சொன்னாங்க.

மதுரைல ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷன். பேரு வேணாம். கத்தி புடிச்ச டாக்டரு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, உசுர குடுத்த மனுசன். விப்பிள் ஆபரேஷன்னு பேரு, அமெரிக்கால ஆலன் விப்பிள்னு ஒரு சர்ஜன் தான் செஞ்சத பத்தி 1935ல எழுதுனதால அந்த பேராம், அதுக்கும் முன்னாடி 1912லயே ஜெர்மனில கௌஷ்னு ஒருத்தர் இதப் பத்தி எழுதியிருக்காராம், மக படிச்சு சொன்னா. கணையத்தோட தலைப்பகுதி, சிறுகுடலோட மொத துண்டு, பித்தப்பை, பித்தக்குழாய்ல கீழ்ப்பகுதி இவ்வளவையும் எடுத்துட்டு, மிச்சம் இருக்குற கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூணையும் குடலோட மறுபடி ஒட்டு போடுறாங்க. காலைல உள்ள போனவன், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளிய தள்ளிட்டு வந்தாங்களாம். அப்பறம் பத்து நாள் வயிறு வேலையே செய்யல, குடிச்ச தண்ணி எறங்காம மூக்கு டியூப் வழியா பச்சையா திரும்பி வந்துச்சு. இரைப்பை தூங்குது, தானா முழிக்கும்னாங்க. முழிச்சுது. 18ஆவது நாள் வீட்டுக்கு வந்துட்டேன்.

வர்றப்ப ஒரு பை நெறைய மாத்திரை. அதுல ஒண்ணு குப்பில அடைச்ச கேப்சூல். சீட்டுல 1-0-1னு போட்டு பக்கத்துல "சாப்பாட்டுக்குப் பின்"னு சீல் குத்தியிருந்துச்சு, எல்லா மாத்திரைக்கும் அதே சீல்தான். மருந்து கடை தம்பியும் கவர் மேல அதையே பேனால எழுதி குடுத்துச்சு. நானும் ஒழுங்கா காலைல சாப்பிட்டு முடிச்சு ஒரு அரை மணி நேரம் கழிச்சு, சூடா ஒரு காப்பிய வச்சிக்கிட்டு அதோட முழுங்குவேன், ராத்திரியும் அதே. மத்தியானம் கெடையாது. சீட்டுல நடுவுல சைபர்தான இருக்கு.

இனி சொல்றது கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா இதத்தான் எந்த பேப்பர்லயும் எழுத மாட்டேங்குறாங்க. சாப்பிட்ட அரை மணில வயித்துக்குள்ள அண்டால தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம், பக்கத்துல உக்காந்திருக்கவனுக்கு கேக்கும். அப்பறம் உப்பிக்கிட்டு பெல்ட் போட முடியாது. அப்பறம் ஓட்டம். போனா மஞ்சள் களிமண்ணு மாதிரி, மேல எண்ண படலம், கறிக்குழம்புல எண்ண பிரிஞ்சு மிதக்கும் பாருங்க அதே மாதிரி, மூணு வாட்டி தண்ணி ஊத்துனாலும் உள்ள போகாம மேலயே மிதக்கும். நாத்தம் சொல்லி மாளாது. வீட்ல எனக்கு தனியா ஒரு பினாயில் பாட்டிலு. பேரன் மூக்க பொத்திக்கிட்டு ஓடுவான், அவன் சின்னப்புள்ள, என் மருமகன் வந்தா நான் கக்கூஸ் பக்கமே போகாம அடக்கிக்கிட்டு இருப்பேன், அது இன்னும் கொடும. கல்யாண மண்டபத்துக்கு ஆர்டர் பேச போனா கூட மொதல்ல கழிவறை எங்க இருக்குன்னு பாத்து வச்சிட்டுத்தான் சமையக்கட்டையே பாப்பேன்.

72 கிலோ இருந்தவன் ஏழு மாசத்துல 55க்கு வந்துட்டேன். வேட்டி இடுப்புல நிக்கல. பாக்க வர்றவங்க எல்லாம் வெளிய போய் என் வீட்டுக்காரிகிட்ட குசுகுசுன்னு பேசுவாங்க, கட்டி மறுபடி வந்திருச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க, நானும்தான். மதினி ஒருத்தங்க, "எண்ணய சுத்தமா நிறுத்துங்க தம்பி, அதான் சேர மாட்டேங்குது"ன்னாங்க. சரின்னு நிறுத்துனேன். 31 வருஷமா டின் டின்னா நெய்ய உருக்கி ஊத்துனவன் மூணு வேளையும் அரிசி கஞ்சியும் உப்பும். உடம்பு இன்னும் எளச்சுது. அப்பறம் நார்ச்சத்து நல்லதுன்னு யாரோ சொன்னாங்க, கீரையும் சுண்டலும் தின்னு பாத்தேன், அன்னைக்கு ராத்திரி பட்ட பாடு, வேணாம் விடுங்க.

மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க, சுத்தமா இருந்துச்சு. கட்டி இல்ல. அப்ப ஏன் இப்படின்னு வேற ஒரு ஊர்ல ஒரு குடல் டாக்டருகிட்ட மக கூட்டிட்டு போனா. வயசு கம்மியான பொண்ணுதான், என் பைலு மொத்தத்தையும் புரட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இந்த கேப்சூல எப்ப சாப்புடுறீங்க?"

சொன்னேன். பேனாவ கீழ வச்சிட்டாங்க.

அப்பறம் விளக்குனாங்க. நமக்கு கணையம் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் கிட்ட சாறு சுரக்குமாம், கொழுப்பு, புரதச்சத்து, மாவுச்சத்து மூணையும் அதுதான் உடைக்குது. என்கிட்ட இருக்குறது மிச்சம் மீதி கணையம், அது சரிவர சுரக்கல, அதனால திங்கிற எண்ண எண்ணயாவே வெளிய வருது. அந்த கேப்சூல்ல இருக்குறது அந்த சாறோட சரக்கேதான். அது நோய்க்கு மருந்தே இல்ல, சோத்தோட சேர வேண்டிய சாமான். சோறு முன்னாடி எறங்கி போனப்பறம் அது பின்னாடி தனியா போய் என்ன பண்ணும்? அதுவும் கொதிக்கிற காப்பியோட! "உங்களுக்கு எப்படி சொல்றது மாஸ்டர்"னு அந்தம்மா யோசிச்சாங்க, நானே சொல்லிட்டேன், கொதிக்கிற பால்ல உறை ஊத்துனா தயிராகாதும்மா, திரிஞ்சுதான் போகும்னு. அதேதான்னு சிரிச்சாங்க. பால ராத்திரி பூரா ஆற விட்டுட்டு காலைல வந்து உறை ஊத்துறவன் மாதிரியும் இருந்திருக்கேன், கொதியில ஊத்துறவன் மாதிரியும் இருந்திருக்கேன், ரெண்டு தப்பும் ஒண்ணா.

இன்னொரு கூத்து. அந்த குப்பிய நான் எங்க வச்சிருந்தேன்னா வேலைக்கு போறப்ப சட்டப்பையில, கோட்டை அடுப்பு முன்னாடி. சூட்டுல இருந்தா அதோட வீரியம் போயிருமாம். எங்க ஊரு வெயிலுக்கு வீட்டு பீரோவே ஆகாது, இப்ப மண்பானைக்கு பக்கத்துல மரப்பெட்டில வச்சிருக்கேன், கல்யாணத்துக்கு போனா அன்னைக்கு வேணுங்கிறது மட்டும் ஒரு சின்ன டப்பால.

டோஸையும் மாத்துனாங்க. எனக்கு எழுதியிருந்தது 25000 யூனிட் வீரியம் உள்ள கேப்சூல், கடைல அது இல்லன்னு 10000 குடுத்துட்டு "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி"ன்னு சொல்லியிருக்கான் அந்த தம்பி, நானும் டப்பா கலர பாத்து வாங்கிட்டு வந்துட்டேன். அதுவும் நாளைக்கு ரெண்டே ரெண்டு. இப்ப சாப்பாடுன்னா 25000ல ரெண்டு, மொத வாய் சோத்தோட ஒண்ணு, பாதில ஒண்ணு, ஆறுன தண்ணியில. எங்க பாஷைல சொன்னா சாம்பார் ஊத்துறப்ப ஒண்ணு, ரசம் வர்றப்ப ஒண்ணு. பலகாரம், பால் காப்பிக்கு ஒண்ணு. பழம், வெறும் கடுங்காப்பின்னா தேவையில்ல. இது எனக்கு சொன்ன கணக்கு, படிக்கிறவங்க அவங்கவங்க டாக்டருகிட்ட கேட்டுக்கோங்க, என்ன பாத்து முழுங்கிறாதீங்க. மென்னு திங்கவும் கூடாது, வாய் புண்ணாகும்.

எண்ணய நிறுத்துனதுக்கும் திட்டு வாங்குனேன். கொழுப்ப நிறுத்தாதீங்க, எடை ஏறணும், தட்டுல என்ன இருக்கோ அதுக்கு தகுந்த மாதிரி கேப்சூல வையுங்க, கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளையா சாப்பிடுங்கன்னாங்க. எனக்கு இது புடிச்சுது, ஏன்னா ஒரு பண்டத்துல எத்தன கரண்டி எண்ண நிக்கும்னு என்னவிட யாருக்கு தெரியும். இட்லி வேற, நெய் ரோஸ்ட் வேற. வடை எண்ண குடிக்கும், அப்பளம் கொறச்சு குடிக்கும்னு நெனப்பீங்க, எடைக்கு எடை போட்டு பாருங்க அப்பளந்தான் மோசம்.

பத்து நாள்ல மிதக்குறது நின்னுச்சு. இத ஒரு சந்தோஷமா எழுதுறானேன்னு சிரிக்காதீங்க, ஒரு நாள் காலைல ஒரே வாளி தண்ணில எல்லாம் போயிருச்சு, நான் வெளிய வந்து வீட்டுக்காரிய கூப்பிட்டு சொன்னேன், அவ அழுதுட்டா.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல வரல. சாப்பாடு உடம்புல ஒட்ட ஆரம்பிச்சதும் சுகர் ஏறிருச்சு, இன்சுலின் சுரக்குறதும் அதே கணையம்தான, இப்ப ஊசி போடுறேன், கொஞ்சம் ஏமாந்தா திடீர்னு கொறஞ்சும் போயிருது, சட்டப்பையில மிட்டாய் இருக்கும். ஏ, டி, ஈ, கே விட்டமின் எல்லாம் கொழுப்போட சேந்தாத்தான் உடம்புல ஏறுமாம், அதுக்கும் டெஸ்ட் பண்ணி மாத்திரை. பாயசம் எனக்கு ஆகாது. ஒரு டம்ளர் குடிச்ச பதினஞ்சு நிமிசத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து ஊத்தி அரிசி மூட்டை மேல சாய்ஞ்சுட்டேன், இனிப்பு வயித்துல தங்காம சட்டுன்னு குடல்ல எறங்குனா அப்படித்தான் ஆகுமாம். இப்ப பாயசத்துக்கு பதம் பாக்குறது என் கையாள்தான், நான் ஆவிய மோந்து பாத்து சொல்லுவேன், அவன் நாக்குல வச்சு சொல்லுவான், இதுவரைக்கும் சண்ட இல்ல.

ஐயா, இப்ப என் வழக்குக்கு வாரேன். என் 17 கிலோவ தின்னது கட்டி இல்ல, ரெண்டு வார்த்த சீலு. அவ்வளவு பெரிய ஆபரேஷன அவ்வளவு சுத்தமா பண்ணத் தெரிஞ்ச எடத்துல, டிஸ்சார்ஜ் அன்னைக்கு அஞ்சு நிமிசம் உக்கார வச்சு "மொத வாய் சோத்தோட முழுங்கு"ன்னு தமிழ்ல சொல்ல ஒரு ஆள் இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம் இங்கிலீஷு. என் மக படிச்சவ, அவளுக்கே அது புரியல, எனக்கு என்னத்த புரியும். மாத்திரை கடைல எழுதி குடுக்குற அந்த கவர்லயாவது மாத்தி எழுதலாம். பெரிய செலவு ஒண்ணும் இல்லயே, ஒரு ரப்பர் சீலு.

செலவுன்னதும் ஞாபகம் வருது. ஆபரேஷன் காப்பீட்டு அட்டைல நடந்துச்சு, கைக்காசு அதிகம் போகல. ஆனா இந்த கேப்சூல் ஆயுசு பூரா. எனக்கு மாசம் ஐயாயிரத்துக்கு கொறையாம ஆகுது, எல்லாம் என் கைல இருந்துதான். முகூர்த்தம் இல்லாத ஆடிலயும் மார்கழிலயும் ஒரு வேளைக்கு ரெண்டு போடுறத ஒண்ணா கொறச்சிருக்கேன், வயிறு உடனே காட்டி குடுத்துரும். அரசாங்க ஆஸ்பத்திரில சுகர் மாத்திரை குடுக்குற மாதிரி மாசா மாசம் இதையும் எல்லாருக்கும் குடுக்க முடியுமான்னு உங்க ஆள விட்டு கேட்டு எழுதுங்க.

இன்னும் ஒண்ணு, இது பன்னியோட கணையத்துல இருந்து எடுக்குற சரக்கு. எனக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா எங்க செட்டுல பிரியாணி மாஸ்டர் பாய் ஒருத்தர் கேட்டு திகைச்சு போயிட்டாரு, சைவக்காரங்களும் இருக்காங்க. முன்னாடியே சொல்லிட்டா அவங்க வீட்ல கலந்து, பெரியவங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணிக்குவாங்க, பாதில எவனோ சொல்லி தெரிஞ்சு மாத்திரைய தூக்கி எறிஞ்சிட்டு எளச்சு போறதுக்கு அது பரவால்லயே.

இப்ப 63 கிலோ இருக்கேன். பழைய எடைக்கு வர மாட்டேன்னு தெரியும்.

தயவு செஞ்சு என் பேர போடாதீங்க. ஆவணில மூணு கல்யாணம் பேசி அட்வான்ஸ் வாங்கியிருக்கேன், மாஸ்டருக்கு வயித்துக்கு சரியில்லயாம்னு ஒருத்தன் கிளப்பிவிட்டா போதும், பந்தில எவனும் கைய வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
ஒரு சமையல் மாஸ்டர்,
ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்