வியாசர் எழுதாத தீமிதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரதத்தை நாவலாக எழுதுகிறவர்கள் வியாசரைக் கெடுக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்குப் பிடிக்காமல் போனது எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்'. 1984இல் மலையாளத்தில் வந்து, பிறகு தமிழுக்கும் வந்த நாவல். பீமன் வாயுவின் மகனல்ல, காட்டில் வாழ்ந்த ஒருவனின் மகன் என்று அதில் வருகிறது. இதுதான் ஐயாவுக்கு ஆகவில்லை.

சரி, வியாசர் எழுதியது மட்டும்தான் பாரதம் என்றால் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நாம் செய்வதெல்லாம் என்ன கணக்கு? என் கணவர் அங்கே பூக்குழி இறங்கியவர். போர் முடிந்து திரௌபதி தீயில் இறங்கிய கதை வியாசரிடம் கிடையாது. அரவான் களப்பலியும் கிடையாது. வியாசரிடம் அவன் இராவான், அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் ஓர் அரக்கன் கையால் சாகிறான், அவ்வளவுதான். போருக்கு முன்பே காளிக்குத் தன்னைப் பலி கொடுக்கும் அரவான் தமிழில் வளர்ந்தவன். 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாடிய பாரதத்திலேயே இருக்கிறான். அந்த அரவானுக்குக் கோயிலில் சன்னதியே உண்டு. ஐயாவும் கும்பிட்டுத்தான் இருப்பார்.

நாவல் எல்லாமே எனக்குப் பிடித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கன்னட எழுத்தாளர் பைரப்பாவின் பாரத நாவல் 'பருவம்' படிக்கத் திணறினேன். ஆளாளுக்கு உட்கார்ந்து பழையதை நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள். போர் எப்போதுதான் வரும் என்றாகிவிட்டது.

ஆனால் 'இரண்டாம் இடத்தில்' பாண்டவர்களின் அந்தக் கடைசிப் பயணம்! வியாசரில் திரௌபதி விழுந்ததும், அர்ச்சுனன்மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம், அதனால் விழுந்தாள் என்று காரணம் சொல்லிவிட்டுத் தருமர் திரும்பியும் பாராமல் நடக்கிறார். மற்றவர்களும் பின்னால் போகிறார்கள். நாவலில் பீமன் மட்டும் அவளிடம் திரும்பி வருகிறான். அந்தப் பக்கத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "பீமன் வேற என்ன செய்வான்? வியாசர் ஏன் இதை எழுதாம விட்டாரு?" என்று கேட்டார்.

ஐப்பசித் தீமிதிக்கு முன்னால் களப்பலி அன்று அந்த வாசகர் கோயிலுக்கு வந்தால் பேசலாம். பூக்கட்டும் பெண்கள் பக்கம் நான் இருப்பேன். நாவலையும் கையோடு கொண்டு வரட்டும்.

ஒரு வாசகி,
யீஷூன்