டிங்போச்சேயில் இரண்டு இரவு

கொக்குவில், யாழ்ப்பாணம்.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் காத்மண்டுக்கு ரிக்கெற் போட்டுவிட்டேன் என்று நீ எழுதியிருந்த வரியை வாசித்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். முப்பது வருடம் கரும்பலகையில் வெண்கட்டியால் இமயமலையைக் கீறிக் காட்டியவள் நான். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியத் தட்டோடு மோதியது என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! அந்த மடிப்பை வருகிற ஐப்பசியில் என் கண்ணால் பார்க்கப் போகிறேன். அதுவும் உன்னோடு.

ஆனால் வழியில் தங்கும் இரவுகளைக் குறைக்கலாம் என்று நீ எழுதிய கடைசிப் பக்கம் என்னை இரண்டு நாளாக நித்திரை கொள்ள விடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பயத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய்.

நம் ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது, உனக்குத் தெரியும். கீரிமலைக்குப் பெயரில் மலை இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் காற்றை மலையாக வைத்துக்கொண்டேன். விடிய ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலத்தில் நடக்கிறேன். இப்போது சோளகம் அடிக்கும் காலம். முகத்தில் அறைகிற காற்றை எதிர்த்து முதுகுப் பையில் எட்டுக் கிலோவோடு நடந்து பார், மேட்டில் ஏறுவது போலவே தொடை கடுக்கும். முதலில் ஐந்து கிலோ அரிசி. மூன்று கிழமைக்குப் பிறகு எட்டு. இறால் கூடு பார்க்க வரும் ஒருவர் கொஞ்ச நாள் என்னைக் கவனித்துவிட்டு, "ரீச்சர், உந்தப் பாக்குக்குள்ள என்ன?" என்று கேட்டார். அரிசி என்றேன். "கொண்டு போன அரிசியை ஏன் திரும்பக் கொண்டு வாறியள்?" என்றார். எவரெஸ்ட் அடிவாரம் வரை போகப் போகிறேன் என்று சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளில் இருந்து, "இண்டைக்கு எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து மணற்காட்டுக்குப் போகிறேன். மணல் மூடிக் கிடக்கும் அந்தப் பழைய தேவாலயச் சுவர்களைப் பார்க்கச் சின்ன வயதில் போனோமே, அதே இடம். மணற்குன்றில் ஒரு அடி எடுத்து வைத்தால் அரை அடி சறுக்குகிறது. முதல் நாள் நான்கு தரம் ஏறி இறங்கியதும் காதுக்குள் இரத்தம் இடித்தது. இப்போது பன்னிரண்டு தரம். அங்கேதான் ஒன்றைப் பழகினேன்: ஒரு அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, அடுத்த அடிக்கு ஒரு மூச்சு வெளியே. இந்தக் கணக்குத் தவறுகிற வேகம் எனக்குக் கூடின வேகம். பக்கத்தில் யார் முந்தினாலும் நான் மாற்றுவதில்லை.

சித்திரையில் மருமகளோடு சிவனொளிபாதமலை ஏறினேன். 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் பெருவிரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் போய் மோதியது. அடிவாரத்து நல்லதண்ணிக்கு வந்து காலுறையைக் கழற்றினால் வலது பெருவிரல் நகம் நாவற்பழம் போலக் கறுத்துக் கிடந்தது. இன்னும் முழுதாக வளரவில்லை. நீ சப்பாத்து வாங்கும்போது பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார். அரை அளவு பெரிதாக எடு. இப்போதே போட்டு நடக்கத் தொடங்கு. புதுச் சப்பாத்தோடு, நடை தொடங்கும் லுக்லா விமான நிலையத்தில் இறங்காதே.

இனி உன் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "லீவு இரண்டு கிழமைதான். வழியில் நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு இரவு போதும், இரண்டு நாள் மிச்சம். நான் தினமும் 10 கிலோமீற்றர் ஓடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ ஓடுவது எனக்குப் பெருமை. ஆனால் ஓட்டத்துக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. நான் மணலில் ஏறுவதும் கால்களுக்கும் நெஞ்சுக்கும்தான். கடல் மட்டத்தில் என்ன பயிற்சி செய்தாலும் உடம்பு உயரத்துக்குப் பழகாது. சுகதேகியான ஆட்களும் வேகமாக ஏறினால் நோயில் விழுகிறார்கள்.

காற்றில் ஒட்சிசன் அங்கேயும் 21 வீதம்தான். குறைவது வளியமுக்கம். அடிவார முகாம் இருக்கும் 5,364 மீற்றரில் அது பண்ணைக் கடற்கரையில் இருப்பதில் பாதியளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் ஏறத்தாழ பாதி. உடம்பு வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கும். அதனால் காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறி இரத்தம் காரப்பக்கம் சாயும். அதைச் சரிசெய்ய சிறுநீரகத்துக்கு நாள் வேண்டும். இந்த நாளை நாங்கள் கொடுத்தே ஆக வேண்டும், உன் லீவுக்காக உன் சிறுநீரகம் அவசரப்படாது.

3,000 மீற்றருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இப்போது நம் பாதையில் இரவு தங்கும் ஊர்களைப் பார். பாக்டிங் 2,610. நாம்சே 3,440. ஒரே நாளில் 830 மீற்றர் ஏற்றம், அதனால்தான் அங்கே இரண்டு இரவு. பிறகு தெங்போச்சே 3,860. அங்கிருந்து டிங்போச்சே 4,410, அதாவது 550. லொபுச்சே 4,940, இன்னொரு 530. அடுத்தது கோரக் ஷெப், 5,164. ஏற்கெனவே கணக்கின் விளிம்பில்தான் நடக்கிறோம். இதில் இரண்டு இரவை வெட்டினால் மிச்சம் வருவது நாள் அல்ல.

டிங்போச்சேயில் தங்கும் நாளிலும் சும்மா படுத்திருக்கப் போவதில்லை. பகலில் கொஞ்சம் உயரம் ஏறி, இரவுக்குத் திரும்ப இறங்கிப் படுப்போம். பக்கத்தில் பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973இல் இருந்து நடக்கிறது. பருவகாலத்தில் பின்னேரங்களில் டொக்டர்மார், உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு வரும் உயர நோய் பற்றி மலையேறுகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். நான் அங்கே போய் முன்வரிசையில் இருக்க வேண்டும், நீயும் வர வேண்டும்.

உயர நோய் வராமல் போடும் டயமொக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். சிறுநீரகம் செய்யும் அதே வேலையை அது விரைவாக்குகிறது. எங்கள் டொக்டர் என் இரத்த அழுத்தத்தையும், சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் விசாரித்துவிட்டு, 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம் என்று எழுதித் தந்தார். வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. சோடா வாங்கிக் குடித்தேன், வாயில் வைக்க முடியவில்லை. இது எதிர்பார்த்ததுதானாம். நீ உன் டொக்டரைக் கேட்காமல் என் அளவைப் பார்த்துப் போடாதே. மாத்திரை இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டவும் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உனக்குத் தெரியும். பேராதனையில் படித்த இரண்டாம் வருடம் சிவனொளிபாதமலைக்குப் போனோமே. நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உனக்குக் காய்ச்சல். எங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று பயந்தாய். உச்சிக்குக் கிட்ட, இளைப்பாறும் அம்பலத்தில் நீ தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே சரிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் கையைப் பிடித்தேன், சுட்டது. விடியும் வரை உன்னைப் போர்வையில் சுற்றி வைத்திருந்து, ஆறு பேர் மாறி மாறித் தாங்கி இறக்கினோம். கீழே வந்ததும் நீ கேட்டது, "நீங்கள் சூரிய உதயம் பார்த்தீர்களா?" இல்லையடி, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது 2,243 மீற்றர். காய்ச்சல் மாறியது, எழும்பிவிட்டாய். இது வேறு. அதனால் போகும் முன்பே ஒன்றைப் பேசி முடிப்போம். ஒவ்வொரு இரவும் சாப்பிட்ட பிறகு ஒருத்தியை ஒருத்தி கேட்க வேண்டும்: தலையிடியா, பசி இருக்கிறதா, தலை சுற்றுகிறதா, நேற்றை விடக் களைப்பா? மறைக்காமல் சொல்ல வேண்டும். தலையிடியோடு ஓங்காளமோ வாந்தியோ வந்தால் அடுத்த நாள் மேலே போவதில்லை. ஓய்வெடுத்தும் சுகம் வராவிட்டால் இருவரும் இறங்குகிறோம். குதியையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடுச்சாமம் என்றாலும் இறங்குவது. ஒருத்தி மட்டும் மேலே போவது என்ற பேச்சே இல்லை. இதற்காகத்தான் 6,000 மீற்றர் வரை ஹெலிகொப்டர் மீட்பும் சேர்ந்த காப்புறுதி எடுக்கச் சொல்கிறேன். பத்திரத்தில் உயரம் எழுதியிருக்கிறதா என்று நீயே வாசித்துப் பார்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. கனத்த ஜக்கெற்றும் குளிருக்கு உள்ளே புகுந்து படுக்கும் பையும் காத்மண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும், ரொறன்ரோவில் இருந்து சுமந்து வராதே. கையுறையும் கம்பளிக் காலுறையும் மட்டும் எனக்கும் சேர்த்துக் கொண்டுவா, இங்கே யாரிடம் கேட்பது? நான் எள்ளுருண்டையும் பருத்தித்துறை வடையும் கொண்டு வருகிறேன். மேலே தண்ணீர் 83 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், சோறு வேகச் சுணங்கும், பசியும் குறையும். அந்த நேரம் நாக்குக்குத் தெரிந்த ருசி கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நேற்றுக் கிணற்றடியில் குளிக்கும்போது உட்சுவரின் சுண்ணக்கல்லில் ஒரு சிப்பியின் வரி தெரிந்தது. எத்தனை வருடம் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். எவரெஸ்ட் உச்சிப் பாறையும் பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணக்கல்தான், அதற்குள்ளும் கடலுயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. நம் கல்லை விட மிகப் பழையது, அவ்வளவுதான். கைவிரலால் அந்தச் சிப்பியைத் தடவிக்கொண்டு உன்னை நினைத்தேன்.

சரி, இப்போது நீ தெரிவு செய். லுக்லாவில் இருந்து ஏற எட்டு நாள், இறங்க நான்கு நாள், வானிலை பிழைத்தால் விமானத்துக்காகக் காத்திருக்க இன்னும் இரண்டு. அதற்கு லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் தெங்போச்சேயோடு திரும்புவோம். அங்கே மடாலயத்து முற்றத்தில் நின்றாலே எவரெஸ்ட், லோட்சே, அமா டப்லம் சிகரங்கள் எல்லாம் தெரியும். எனக்கு அது போதும், மனதார எழுதுகிறேன். டிங்போச்சேயில் ஒரு இரவு என்றால் மட்டும் நான் வரவில்லை.

நல்லூரில் கொடியேறிவிட்டது. விடிய நடையைப் பாலத்தில் இருந்து கோயிலுக்கு மாற்றியிருக்கிறேன். அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகிறேன். உன் பெயரிலும் ஒரு அர்ச்சனை செய்தாயிற்று. லீவு விடயம் தெரிந்ததும் உடனே எழுது, நான் இங்கே விமான ரிக்கெற்றுக்குக் காசு கட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் கொக்குவில் தோழி