‘அல்லது அதைப் போன்ற கார்’ தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐஸ்லாந்தில் கார் வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கும், அந்தக் கார்களை உலகம் முழுக்க இணையத்தில் பதிவு செய்து தரும் தளங்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடும் காரின் படத்துக்குக் கீழே, அது டூ வீல் டிரைவா (இஞ்சின் இரண்டு சக்கரத்தை மட்டும் இழுப்பது) ஃபோர் வீல் டிரைவா (நான்கையும் இழுப்பது) என்று யாருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். அதையே முன்பதிவுச் சீட்டிலும் எழுதுங்கள். அப்புறம், எழுதியதைக் கொடுங்கள்.

கலர் மாறியதற்கோ கம்பெனி மாறியதற்கோ நான் மடல் எழுத உட்காரவில்லை. வாடகைக் கார் எடுக்கிற யாரும் படத்தில் பார்த்த அதே மாடல் வந்து நிற்கும் என்று நம்பிப் போவதில்லை. முந்தைய ஆள் வண்டியைத் தாமதமாகக் கொண்டுவந்திருப்பார், எங்காவது இடித்திருப்பார், பட்டறையில் நிற்கும். அதற்காகத்தான் ‘அல்லது அதைப் போன்றது’ என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை. எந்த விஷயத்தில் போன்றது என்பதில்தான் சண்டை. இருக்கையும் டிக்கியும் ஒத்துப்போனால் போதும் என்பது மாட்ரிட்டில் செல்லும். உங்கள் ஊரில் செல்லாது.

ஏன் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,320 கிலோமீட்டர். 2019இல் கிழக்கே பெருஃபியோர்தூர் பக்கம் மிச்சமிருந்த துண்டுக்கும் தார் போட்டுவிட்டார்கள். சாதாரணச் சின்னக் காரிலேயே கோடையில் அதை முழுக்கச் சுற்றிவிடலாம். ஆனால் நாட்டின் நடுவே இருக்கும் மேட்டுநிலத்துக்குப் போகும் பாதைகள் வேறு. எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்று போட்டிருக்கும். கல்லும் குழியும், பாலமில்லாத ஓடைகளும் உள்ள மலைப் பாதைகள். குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் திறப்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டி அவற்றில் போகவே கூடாது என்பது சட்டம். மீறிப் போய் ஏதாவது ஆனால் காப்பீடும் கையை விரித்துவிடும். ஆக, உங்கள் நாட்டில் ஒரு கார் எத்தனை சக்கரத்தால் ஓடுகிறது என்பது வசதிக் கணக்கு இல்லை. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

இனி எங்கள் கதை. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். மனைவி, மகள், அப்பா, நான். போனது ஜூலையில். பயணத்தின் மையமே லாண்ட்மன்னலாய்கர்தான். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் ரையோலைட் என்ற எரிமலைப் பாறை மலைகள், அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. எஃப் 208இல் வடக்கிலிருந்து போய்விட்டு, ஹெக்லா எரிமலைப் பக்கமாக எஃப் 225 வழியே திரும்புவதாகத் திட்டம். அதனால் தளத்தில் தேடும்போதே ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத்தான் தேடினேன். வந்த பட்டியலில் ஒரு டேசியா டஸ்டரைத் தேர்ந்தெடுத்தேன். படத்தில் டயரெல்லாம் சேறு, பின்னால் மலை. கீழே ‘டஸ்டர் அல்லது அதைப் போன்றது’. நம்மூரில் இதே டஸ்டர் ரெனோ பெயரில் ஒரகடத்தில் தயாராகி ஓடியது. அதிலும் டூ வீல், ஃபோர் வீல் இரண்டு வகையும் உண்டு என்று தெரிந்ததால்தான் அந்தக் கட்டத்தையே டிக் செய்தேன்.

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கி, உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி வெளியே வந்தால் நின்றது ஒரு கியா ஸ்டோனிக். நல்ல கார்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டோனிக்கில் ஃபோர் வீல் டிரைவ் என்ற வகையே கிடையாது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது: ‘இந்த வாகனத்தை எஃப் சாலைகளில் ஓட்டத் தடை.’

திரும்பவும் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்கள் பதிவு செய்தது எஸ்யூவி. கொடுத்திருப்பதும் எஸ்யூவிதான்” என்றார். அந்தக் கட்டத்தில் டிக் போட்டதைச் சொன்னேன். “அது அந்தத் தளத்தின் வேலை, எங்களுக்கு வந்தது இந்தச் சீட்டு மட்டும்தான்” என்று திரையைத் திருப்பிக் காட்டினார். ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் உடனே தருகிறேன் என்று அவர் சொன்ன கூடுதல் தொகை, நான் ஏற்கெனவே கட்டியதில் பாதிக்கும் மேல். தளத்துக்கு போன் செய்தால், வண்டி கொடுப்பது உள்ளூர் நிறுவனம், அவர்களிடமே பேசுங்கள் என்றார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்ட, நடுவில் நான்கு பெட்டிகளோடு நாங்கள்.

அந்தத் திரையில் எனக்குக் காட்டியது நான்கு எழுத்து: சி.எஃப்.எம்.ஆர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. உங்கள் தொழிலில் எல்லா வண்டிக்கும் ஆக்ரிஸ் என்ற அமைப்பின் நான்கெழுத்துக் குறியீடு உண்டு. முதலெழுத்து அளவு. சி என்றால் காம்பாக்ட். இரண்டாவது உடல்வாகு. எஃப் என்றால் எஸ்யூவி. நான்காவது எரிபொருளும் ஏசியும். மூன்றாவதுதான் விஷயம். எம் என்றால் கியர் வண்டி, எத்தனை சக்கரம் என்று உறுதி சொல்லவில்லை என்று பொருள். கியர் வண்டியில் ஃபோர் வீல் டிரைவை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அங்கே என் என்று இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ஏ என்றால் உறுதியில்லை, பி என்றால் ஃபோர் வீல் உறுதி. ஓட்டுபவர் எதையும் மாற்றாமலே நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவுக்கும் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன.

ஆக, இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கென்றே ஓர் எழுத்தை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். கவுன்டர் ஊழியருக்குத் தெரியும், தளத்தின் கணினிக்குத் தெரியும், காசு கட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது. எனக்குக் காட்டியது சேறு படிந்த டயர். என் பெயரில் எழுதியது எம்.

அந்த மஞ்சள் ஸ்டிக்கரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இந்த வண்டி எங்கே போகக்கூடாது என்று அச்சடித்து, வெட்டி, ஒவ்வொரு காரிலும் ஒட்டும் அளவுக்கு நீங்கள் கவனமானவர்கள். அதே வரியை விற்கும் பக்கத்தில் படத்துக்குக் கீழே போட என்ன தடை? பணம் கட்டிய பிறகு சொல்ல முடிந்ததைக் கட்டும் முன் சொல்ல முடியாதா?

கூடுதல் தொகையை நான் கட்டவில்லை. ரெய்க்யாவிக்கிலிருந்து கோடையில் லாண்ட்மன்னலாய்கருக்குப் பேருந்து போகிறது. தனியாகப் பணம் கொடுத்து அதில் போனோம். உயரமான சக்கரங்கள் வைத்த பேருந்து, ஓடையில் இறங்கி ஏறும்போது அப்பா சின்னப் பையன் மாதிரி ஜன்னலோரம் எழுந்து நின்று பார்த்தார். அந்த ஓட்டுநரின் திறமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் எஃப் 225 போயிற்று, நினைத்த இடத்தில் நிறுத்துவதும் போயிற்று. பேருந்து கிளம்பும் நேரத்துக்கு வெந்நீரிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவர வேண்டியிருந்தது.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் கையில் கிடைத்தாலே எல்லா ஆற்றையும் கடந்துவிடலாம் என்று நினைத்து இறங்கும் பயணிகளால் நீங்கள் எவ்வளவு படுகிறீர்கள் என்று தெரியும். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் உள்ள குரோஸா ஆற்றில் டஸ்டர் மாதிரி சின்ன வண்டியை இறக்குவது பைத்தியக்காரத்தனம். ஆற்றுத் தண்ணீர் இஞ்சினுக்குள் போனால் பொதுவாக எந்தக் காப்பீடும் தருவதில்லை, அதில் தவறும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்த வண்டி எதுவரை போகும் என்று முன்கூட்டியே பேசுவது உங்களுக்கும் நல்லது. கவுன்டரில் ஜல்லிக்கல் காப்பீடு, மணல் சாம்பல் காப்பீடு என்று பொறுமையாக விளக்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

இது ஐஸ்லாந்தோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் சாலைகள் உண்டு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். அங்கே சின்னக் கார் கேட்டவருக்கு ‘இலவச அப்கிரேடு’ என்று பெரிய வண்டியை நீட்டினால் அது பரிசு ஆகாது. வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கு வரும் எங்களைப் போன்ற இடதுபக்க ஆட்களுக்கு, ஆட்டோமேட்டிக் கேட்டு கியர் வண்டி வந்தால் பாதிப் பயணம் பயத்திலேயே போகும். ஐஸ்லாந்தே 1968 மே 26 வரை இடதுபக்கம் ஓட்டிய நாடுதான், உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

செய்ய முடியாததைக் கேட்கிறேன் என்று சொல்லாதீர்கள். முன்பு கட்டாயக் கட்டணங்களைக் கவுன்டரில்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவீர்கள். ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் 2015இல் ஐந்து பெரிய நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசியபின், அவற்றை முன்பதிவு விலையிலேயே சேர்த்துக் காட்ட அவை ஒப்புக்கொண்டன. விலைக்குச் செய்ய முடிந்ததைச் சக்கரத்துக்கும் செய்யலாம். மூன்றாவது எழுத்து எம் அல்லது ஏ என்று இருக்கிற எந்த வண்டியும், ஃபோர் வீல் டிரைவ் என்று டிக் போட்டுத் தேடுகிறவர் கண்ணிலேயே படக்கூடாது. சொன்ன வண்டி இல்லையென்று தெரிந்தால், நாங்கள் விமானம் ஏறும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால், அதே விலையில் ஃபோர் வீல் டிரைவ் கொடுங்கள், இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். மறுநாள் தளத்திடம் கேளுங்கள் என்ற பேச்சு வேண்டாம்.

இந்த மடலின் நகலை, ஐஸ்லாந்தில் கார் வாடகை நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் போக்குவரத்து ஆணையத்துக்கும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். முன்பதிவுச் சீட்டும், தேடலில் வந்த பக்கத்தின் படமும், டேஷ்போர்டு ஸ்டிக்கரின் படமும் அதோடு இணைப்பாகப் போகின்றன.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்