நாலாவது படிக்கும் பிள்ளைக்குத் தனிப் போன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி: "நாலாவது படிக்கிறான், தனியா ஒரு போன் வாங்கித் தரலாமா?" எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். டியூஷன் முடிந்ததும் கூப்பிட வேண்டும், வேன் லேட்டானால் தெரிய வேண்டும் என்பார்கள். இரண்டுமே பேசுகிற தேவைதான். அதற்குக் கீபேட் போன் போதும். தொடக்கப்பள்ளி வயதில் ஸ்மார்ட்போன் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. அப்பா புதுப் போன் வாங்கியதும் பழையது பிள்ளை கைக்குப் போய்விடுகிறது. அதில் அப்பாவின் கூகுள் கணக்கு அப்படியே இருக்கும். மெயில், போட்டோ, பிளே ஸ்டோரில் சேமித்து வைத்த கார்டு எல்லாம் திறந்தே கிடக்கும். விளையாட்டில் 'காயின்' வாங்க அழுத்த அழுத்தப் பணம் போவது இந்த வழியில்தான். யூடியூபைப் பொறுத்தவரை அந்தப் போனைப் பார்ப்பவர் நாற்பது வயது ஆள். அவருக்கு உரியதையே பிள்ளைக்கும் காட்டும்.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் 'பேமிலி லிங்க்' செயலியைப் போட்டுவிட்டோம் என்று நம்புகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரியவர் கணக்கில் ஓடும் போனை அது கட்டுப்படுத்தாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் அப்பாவின் கணக்கை நீக்கிவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் அழியும்படி போனை ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் பக்கவாட்டு பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். பிறகு அம்மாவின் போனில் பேமிலி லிங்க் வழியாகப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். பிறந்த ஆண்டை உள்ளபடி போடுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆண்டை மாற்றினால், 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான தடுப்புகள் எதுவும் வராது. எதை வாங்கினாலும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றும், இரவு 8 மணிக்கு மேல் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வையுங்கள். பின் நம்பரைப் பிள்ளை முன்னால் அழுத்தாதீர்கள். விரல் போகும் வழியை ஒரு தடவை பார்த்தாலே அவர்களுக்குப் போதும்.

கீபேட் போனிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது என்பதால், வீட்டில் கிடக்கும் பழைய 2ஜி போனில் அந்த சிம் வேலை செய்யாது. 4ஜி கீபேட் போன்தான் வேண்டும். அப்படிப்பட்ட சில போன்களில் யூடியூபும் யுபிஐயும் இருக்கின்றன. கடையிலேயே மெனுவைத் திறந்து பார்த்து வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்கள் வந்துவிட்டன. அதையே கேட்டு ரீசார்ஜ் செய்யுங்கள். 18 வயது நிறையாதவர்களுக்கு சிம் கார்டு விற்கக் கூடாது. ஆகவே சிம் உங்கள் பெயரில்தான் இருக்கும். வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஓடிபி எல்லாம் பிள்ளையின் பைக்குள் போய் விழும். ஸ்பீடு டயலில் 2 அம்மா, 3 அப்பா, 4 வேன் டிரைவர் என்று வைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேமித்துக் கொடுங்கள்.

சார்ஜ் தீர்ந்தால் எந்தப் போனும் உதவாது. அம்மாவின் பத்து இலக்க எண்ணை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் மனப்பாடமாகும். ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கமும் எழுதி ஒட்டுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடுவதால்தான் பல வீடுகளில் பிள்ளை கைக்குப் போன் வருகிறது. அம்மா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், அதுவரை அந்தப் பிள்ளை எதைப் பார்த்து எழுதும்? ஐந்தாம் வகுப்பு வரையாவது கரும்பலகையில் எழுதிப்போட்டு, டைரியில் எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்